ஏஐ ஏஜென்ட் சொதப்புதா? டூல் விளக்கத்தை முதல்ல பாருங்க!

ரயில் டிக்கெட் நிலவரம் பார்க்கச் சொன்னா, ஏஐ ஏஜென்ட் டிக்கெட்டையே கேன்சல் பண்ணிடுச்சா? மாடலைத் திட்டுறதுக்கு முன்னாடி, டூலுக்கு நீங்க எழுதின விளக்கத்தைப் படிச்சுப் பாருங்க.

டூலுக்குள் இருக்கும் கோடிங் மாடலுக்குத் தெரியாது. பெயர், விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல் ஆகியவற்றை வைத்துத்தான் எந்த டூலைப் பயன்படுத்துவது என முடிவெடுக்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் அறிமுகப்படுத்திய எம்சிபி முறையிலும் இதேதான்.

'டிக்கெட்டைக் கையாளும்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். '10 இலக்க பிஎன்ஆர் எண்ணை வாங்கி, நிலவரத்தை மட்டும் காட்டும். ரத்து செய்யாது' என்று எழுதுங்கள். தேதி கேட்டால் வடிவத்தையும் சொல்லுங்கள். 03/04 என்பது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ?

கேன்சல் டூலில் 'பயணி உறுதி செய்த பிறகே' என்ற வரி கட்டாயம். ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. கோடிங்கிலும் ஒரு பூட்டு போட்டுடுங்க.