கொடைக்கானல்: காரைக் கீழே விடுங்க, சைக்கிளில் ஏறுங்க! ஏரி முதல் மலைக்கிராமம் வரை 4 ரூட்

கோடை விடுமுறையில் கொடைக்கானல் போய் வந்தவர்களிடம் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். ஏரியையும் பனிமூட்டத்தையும் பற்றிச் சொல்வதற்கு முன்பே டிராஃபிக்கைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள். காருக்குள் உட்கார்ந்து முன்னால் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் பார்ப்பதற்கா இவ்வளவு தூரம் மலையேறுவது?

இந்த நெரிசல் நீதிமன்றம் வரை போனது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனில், கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதி நாள்களில் 6,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இந்த இ-பாஸ் தேவையில்லை.

அதனால், காரை எடுக்காமல் பஸ்ஸில் மேலே போய், ஊரை சைக்கிளில் சுற்றிப் பார்க்கலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் முதல், 'ஒரு கை பார்த்துடலாம்' என்று கிளம்பும் இளைஞர்கள் வரை ஒவ்வொருவருக்கும் ஏற்ற ரூட் இங்கே இருக்கிறது. எளிதானதிலிருந்து கடினமானது வரை நான்கைப் பார்ப்போம்.

ரூட் 1: ஏரியைச் சுற்றி 5 கி.மீ
யாருக்கு: எல்லோருக்கும்

கொடைக்கானல் ஏரி இயற்கையாக உருவானதல்ல. 1863-ல், அப்போதைய மதுரை கலெக்டர் வேரே லெவிஞ்ச் முயற்சியில் ஓடைகளைத் தடுத்துக் கரை கட்டி உருவாக்கப்பட்டது. நட்சத்திர வடிவ ஏரி என்பார்கள். அந்த வடிவம் கரையில் ஒரே இடத்தில் நின்றால் புரியாது. சைக்கிளில் சுற்றும்போதுதான் தெரியும். 'முடிந்துவிட்டது' என்று நினைக்கும் இடத்தில் சாலை வளைந்து, தண்ணீரின் இன்னொரு கை திறக்கும்.

சாலை கிட்டத்தட்ட சமதளம். படகு இல்லம் அருகிலேயே வாடகை சைக்கிள்கள் கிடைக்கும். மணிக்கணக்கில் வாடகை. இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் டபுள் சைக்கிளும் உண்டு. சைக்கிள் ஓட்டத் தெரியாத அம்மாவோ தங்கையோ பின்சீட்டில் உட்கார்ந்து மிதித்தால் போதும். நிதானமாகப் போனால் 40 நிமிடங்களில் ஒரு சுற்று முடியும். நடுவில் வேகவைத்த சோளமும் பிரெட் ஆம்லெட்டும் சாப்பிடும் நேரம் தனிக்கணக்கு!

பணம் கொடுப்பதற்கு முன்பு மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா, சீட் உங்கள் உயரத்துக்கு ஏற்றதா? ஏரிச்சாலையில் கார்களும் சவாரிக் குதிரைகளும் வரும் என்பதால், குழந்தைகள் ஓட்டினால் பெரியவர்கள் அவர்களுக்குப் பின்னாலேயே வரவேண்டும். காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் போனால் சாலை பெரும்பாலும் உங்களுடையது. தண்ணீரின் மேல் பனி மெல்ல விலகுவதையும் அப்போதுதான் பார்க்க முடியும்.

ரூட் 2: ஏரியிலிருந்து வானாய்வகம்
யாருக்கு: கியர் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு

தூரம் குறைவுதான், சில கிலோமீட்டர்கள். ஆனால் ஏற்றம் சோதிக்கும். ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரிய வானாய்வகம் இருப்பது சுமார் 2,340 மீட்டரில். அதாவது, 70 மாடிக் கட்டடம் ஒன்றை சைக்கிளில் ஏறுவதுபோல!

சமவெளியில் சுலபமாக ஓட்டுகிறவருக்கும் இங்கே மூச்சு வாங்கும். அது உடம்பின் குறை அல்ல. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரை ஊர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். ஊருக்கு வந்த முதல் நாளே இந்த ரூட்டுக்குக் கிளம்ப வேண்டாம். ஒரு இரவு தங்கிவிட்டுப் போனால் உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் எந்த வெட்கமும் இல்லை.

மேலே இருப்பது சாதாரண இடமல்ல. 1899-ல் தொடங்கப்பட்ட இந்த வானாய்வகம் 1901 முதல் சூரியனைக் கவனித்து வருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கி நகர்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டறிந்தது இங்கேதான். இன்றும் உலகெங்கும் அது 'எவர்ஷெட் விளைவு' என்றே அழைக்கப்படுகிறது. பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

மாலையில் கால் வலிக்கவில்லை என்றால் குறிஞ்சி ஆண்டவர் கோயில் வரை ஒரு ரவுண்டு போகலாம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் பெயரைத் தாங்கிய முருகன் கோயில் இது. கடைசியாக 2018-ல் பூத்தது. அடுத்தது 2030-ல்.

ஒரு எச்சரிக்கை: தூண் பாறை, குணா குகை பக்கம் வார இறுதியில் சைக்கிளில் போக வேண்டாம். 1991-ல் 'குணா' படத்தால் பிரபலமான அந்தக் குகை, 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்த பிறகு இன்னும் கூட்டத்தை இழுக்கிறது. வரிசைகட்டி நிற்கும் வேன்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்டுவது பாதுகாப்பல்ல.

ரூட் 3: பூம்பாறை, மன்னவனூர்
யாருக்கு: ஒரு நாள் முழுக்க ஓட்டத் தயாரானவர்களுக்கு

சுற்றுலாக் கூட்டம் குறைந்து மலைக்கிராம வாழ்க்கை தொடங்குவது இந்தப் பாதையில்தான். ஏரியிலிருந்து சுமார் 20 கி.மீ தூரத்தில் பூம்பாறை. ஊருக்குள் நுழைவதற்கு முன்பே சாலையோரத்தில் நிறுத்திக் கீழே பாருங்கள். படிப்படியாக வெட்டிய வயல்கள், நடுவில் நெருக்கமாக வீடுகள். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு என்று ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு பச்சை. இந்தப் பகுதியில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குழந்தை வேலப்பர் கோயிலும் இங்கேதான் இருக்கிறது.

கால்களில் தெம்பிருந்தால் மேலும் சுமார் 15 கி.மீ போனால் மன்னவனூர். புல்வெளிச் சரிவுகள், ஒரு சின்ன ஏரி, மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையம் எல்லாம் இங்கே இருக்கின்றன. போய்த் திரும்ப மொத்தம் 70 கி.மீ. போகும்போது இறக்கம் அதிகம் என்பதால் உற்சாகமாக இருக்கும். அதே இறக்கம் திரும்பும்போது ஏற்றமாக எதிரில் நிற்கும். பலர் தவறுவது இந்தக் கணக்கில்தான். காலை 7 மணிக்குக் கிளம்பி, நண்பகலுக்குள் திரும்பத் தொடங்கிவிட வேண்டும். பூம்பாறையிலேயே களைப்பாக இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

ஏரியோரத்து வாடகை சைக்கிள்கள் இந்த ரூட்டுக்குச் சரிவராது. நல்ல கியர் சைக்கிள், பஞ்சர் பார்க்கும் பொருள்கள், மாற்று டியூப் மூன்றும் அவசியம். பேரிஜம் ஏரி வேறு கணக்கு. அது காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் திரும்பவே கூடாது.

ரூட் 4: வத்தலக்குண்டிலிருந்து ஏரி வரை
யாருக்கு: நீண்டதூரம் ஓட்டி அனுபவமுள்ளவர்களுக்கு மட்டும்

தென் தமிழ்நாட்டு சைக்கிள் பிரியர்களுக்கு இது ஒரு பரீட்சை. சுமார் 50 கி.மீ தூரத்தில் 1,700 மீட்டருக்கும் மேல் உயர வேண்டும். சரிவு ஒரேயடியாகச் செங்குத்தாக இருக்காது. மலைப்பாதை முழுக்க, சராசரியாக 100 மீட்டருக்கு 4 மீட்டர் ஏற்றம்தான். ஆனால் அது முடியவே முடியாது. முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் என்று லேசான கியரில், பேசிக்கொண்டே ஓட்டும் வேகத்தில் போவதுதான் ரகசியம்.

வழியில் டம் டம் பாறையில் நின்றால் எலிவால் அருவி தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். பெருமாள்மலையில் பழநிப் பாதை வந்து சேரும். கொடைக்கானலுக்குச் சுமார் 8 கி.மீ முன்பு வெள்ளி நீர்வீழ்ச்சி. அங்கே கொட்டுவது நீங்கள் சுற்றப்போகும் ஏரியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர்தான். ஏரிக்கரையில் யாரோ வீசும் பிளாஸ்டிக் கவரும் இந்த வழியாகத்தான் கீழே இறங்கும். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள்.

வெளியூரிலிருந்து சொந்த சைக்கிளோடு வருகிறவர்கள், ரயிலில் பார்சலாகப் பதிவு செய்து மதுரை அல்லது திண்டுக்கல்லில் இறக்கிக்கொள்ளலாம்.

ஏறுவதைவிட இறங்குவது கவனம்!

மலையில் பெரும்பாலான ஆபத்து இறக்கத்தில்தான். இந்த ஐந்தையும் மறக்க வேண்டாம்.

* பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விடுங்கள். அவ்வப்போது நிறுத்தி ஆறவிடுங்கள்.

* கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது அதன் உள்பக்கத்தில் நுழையாதீர்கள். பின்சக்கரம் உங்கள் பக்கமாகத்தான் வரும். பஸ் போகும்வரை நில்லுங்கள்.

* காட்டு மாடுகள் ஊருக்குள்ளேயே நடமாடும். அமைதியாக நிற்கிறதே என்று அருகில் போய் செல்ஃபி எடுக்க வேண்டாம். தூரத்திலேயே நின்று, அது கடந்த பிறகு போங்கள்.

* பனிமூட்டம் எந்த நேரமும் இறங்கலாம். முன்னும் பின்னும் விளக்கு, பளிச்சென்ற நிறத்தில் சட்டை, ஹெல்மெட் மூன்றும் கட்டாயம். இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம்.

* மழைக்காலத்தில் சாலை வழுக்கும், மண்சரிவும் நேரலாம். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வார நாள்கள் சைக்கிளுக்கு ஏற்றவை. காலைக் குளிருக்குக் கையுறை தேவைப்படும்.

முதல்முறை போகிறவர்கள் ஒரு நாளை முதல் ரூட்டுக்கு மட்டும் ஒதுக்குங்கள். விடியற்காலையில் ஒரு சுற்று, மாலையில் எதிர்த்திசையில் ஒரு சுற்று. வீட்டில் எல்லோருக்கும் அது ஒத்துவந்தால், அடுத்த பயணத்தில் பூம்பாறையைச் சேர்த்துக்கொள்ளலாம்.