கள்ளுக்கடை முதல் கராவோக்கே வரை: உரிமம் தருவது யார்?

ஒரு வட்டாரத்தில் கேளிக்கை மையம் திறக்கப்பட்ட பிறகுதான் நாம் அதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். "பள்ளிக்கூடத்திற்கு அருகில் இதற்கு எப்படி லைசென்ஸ் கிடைத்தது?" என்று கேட்கிறோம். ஆனால், பெயர்ப் பலகை மாட்டப்படுவதற்கு வெகு முன்னரே அதற்கான முடிவு அலுவலகக் கோப்பில் எழுதப்பட்டு விடுகிறது. தோட்டங்களை விட்டுத் தாமான்களில் குடியேறியிருக்கும் நம் சமுதாயம் இந்த நடைமுறையை அறிந்திருப்பது அவசியம்.

துரையின் சொல்லே சட்டம்

நெகிரி செம்பிலானில் லாபு, சுவா பெத்தோங், பகாவ் போன்ற வட்டாரங்களின் தோட்டங்கள் தனியார் நிலங்கள். திடலில் படம் காட்டுவதா, திருவிழாவில் கூத்து நடத்துவதா, எதுவானாலும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கள்ளுக்கடைக்கு அரசாங்கம் உரிமம் கொடுத்தது; நிர்வாகம் இடம் கொடுத்தது. அங்கே குடியிருந்த தொழிலாளியை யாரும் கேட்கவில்லை.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. 1947-இல் கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டனர். மனுக் கொடுக்க வாசல் இல்லாத இடத்தில் போராட்டமே வாசலாயிற்று.

இன்று நீலாய், சிரம்பான் சுற்றுவட்டாரங்களில் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலங்கள் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் கடை வரிசைகளாகவும் மாறிவிட்டன. துரையின் இடத்திற்கு ஊராட்சி மன்றம் வந்துவிட்டது.

இன்றுள்ள மூன்று வாசல்கள்

முதலாவது, நிலத் திட்டமிடல். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஓர் இடம் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதை உள்ளூர்த் திட்டம் வரையறுக்கிறது. அதன் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்; ஆட்சேபம் தெரிவிக்கலாம். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில், மேம்பாட்டு விண்ணப்பம் பற்றி அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவிக்க வேண்டும். 'உரிமையாளர்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தவர் நில உரிமையாளர் அல்லர். அவருக்கு அக்கடிதம் வராது.

இரண்டாவது, வணிக உரிமமும் கேளிக்கை உரிமமும். திரையரங்கு, பொதுக் கேளிக்கை இடம் ஆகியவற்றுக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தைக் கூட்டரசு அரசியலமைப்பு மாநிலங்களுக்கே கொடுத்துள்ளது. ஆகவே, சிலாங்கூரின் விதி நெகிரி செம்பிலானுக்கு அப்படியே பொருந்தாது. ஊராட்சி மன்றம் உரிமம் வழங்குமுன் போலீஸ், தீயணைப்பு மீட்புப் படை போன்ற துறைகளின் கருத்தைக் கேட்பது வழக்கம். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107-ஆவது பிரிவின்படி, மன்றம் தரும் உரிமம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. நிபந்தனைகள் விதிக்கலாம், காரணம் கூறாமலேயே மீட்டுக்கொள்ளவும் செய்யலாம். எனவே, கடை திறந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. ஒவ்வொரு புதுப்பிப்பும் ஒரு வாய்ப்புதான்.

மூன்றாவது, மதுபான உரிமம். இது கலால் சட்டத்தின் கீழ் மாவட்ட அளவிலான உரிம வாரியத்திடம் உள்ளது. மதுக்கடை பற்றிய மனுவை ஊராட்சி மன்றத்திடம் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும். மாவட்ட அலுவலகத்திற்கும் அதன் நகல் போக வேண்டும்.

மன்றத்தில் நம் குரல்

ஊராட்சி மன்ற உறுப்பினர்களை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைக்கப்பட்ட அரச ஆணையம், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று 1968-இல் பரிந்துரைத்தது. தமிழர் ஒருவர் தலைமையேற்றுத் தந்த அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையையே நிலைநிறுத்தியது. வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில் எழுத்து மூலமான மனுவே நம் கருவி.

நமக்கும் உரிமம் வேண்டும்

உரிமம் என்பது தடுப்பதற்கு மட்டும் அன்று. கோயில் திருவிழா மேடையில் ஆடல் பாடல் நடத்தும் நிர்வாகமும், கலை இரவு நடத்தும் நம் போன்ற மாணவர் கழகமும் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே மன்றத்தில் கேட்டுத் தெளிவது நல்லது. தமிழகக் கலைஞரை அழைத்தால் 'புஸ்பால்' ஒப்புதலும் தேவைப்படும். கடைசி வாரத்தில் ஓடுவதைவிட, முன்னதாகவே விண்ணப்பிப்பதே அறிவுடைமை.

2020-இல் சிரம்பான், நீலாய் நகராண்மைக் கழகங்கள் ஒன்றிணைந்து சிரம்பான் மாநகர் மன்றம் ஆயின. மன்றம் பெரிதானால் கோப்புகளும் பெருகும். அவற்றுள் நம் தாமானின் மனுவும் இருக்க வேண்டுமானால் அதை யாராவது எழுத வேண்டும். தோட்டத்துப் பெற்றோரின் பிள்ளைகளாய்ப் பல்கலைக்கழகம் வந்த நமக்கு மலாய் தெரியும். சட்டத்தைப் படித்துப் பொருள் சொல்லத் தெரியும். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்து, அந்த மனுவை எழுதிக் கொடுப்போம்.