வடக்கன்குளத்தில் இடிந்த சுவர்: கீழத்தெருவாரோடு ஒரு நாள் திருப்பயணம்

அதிகாலை நாலரை மணிக்கே வேன் தெருமுனைக்கு வந்துவிட்டது. ஆளுக்கு 450 ரூபாய். மகளிர் குழுவில் மாதம் ஐம்பது ரூபாயாகப் பெண்கள் சேர்த்த காசு அது. நெல்லை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் கீழத்தெரு. ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். அடுத்த வாரம் அங்கே கோயில் கொடியேற்றம். அதற்குள் புனித தேவசகாயத்தின் இடங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பிய 23 பேரோடு நாமும் ஏறிக்கொண்டோம்.

தூரத்தை முதலில் முடித்துவிடலாம் என்று ஓட்டுநர் வேனை நேரே மார்த்தாண்டம் பக்கத்து நட்டாலத்துக்கு விட்டார். 1712-ல் நீலகண்டன் பிறந்த ஊர். திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். குளச்சல் போரில் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் பழக்கத்தால் கிறிஸ்துவை அறிந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரின் தமிழ்தான் தேவசகாயம்.

"அவர் மேல அப்படி என்ன குத்தம் சொன்னாங்க?" என்று கேட்டாள் பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி.

வேதம் மாறியது மட்டுமல்ல, சாதி பாராமல் எல்லாரோடும் பழகியதும்தான் மேல்சாதியாருக்குப் பொறுக்கவில்லை என்றார் உடன் வந்த உபதேசியார். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்புறமாக உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

"நம்மகூடப் பழகுனதுக்கா?" என்றார் முன்சீட்டு ஆச்சி. அதன் பிறகு வெகுநேரம் அவர் பேசவில்லை.

புலியூர்க்குறிச்சியில், தாகத்தோடு கிடந்தவர் முழங்கையால் இடித்ததும் நீர் வந்ததாகச் சொல்லப்படும் பாறையைப் பார்த்தோம். எல்லாரும் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள். மதியம் கோட்டாறு. அங்கே சவேரியார் பேராலயத்தில்தான் அவருடைய கல்லறை. மண்டியிட்டு எழுந்து வர ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு மரத்தடியில் புளிச்சோறும் துவையலும்.

சாப்பிடும்போது ஒரு பேச்சு கிளம்பியது. ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய ஜெபப் புத்தகத்தில் 'தேவசகாயம் பிள்ளை' என்று இருந்தது. 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது பிள்ளை இல்லை. அந்தச் சாதிப் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று முன்பே குரல் எழுந்திருந்தது. அந்தப் பெண் பேனாவை எடுத்துப் புத்தகத்தில் 'பிள்ளை'யை அடித்தாள். புத்தகத்துக்காரர் முகம் சுளித்தாலும் தடுக்கவில்லை.

ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் வெயில் தாளவில்லை. 1752 ஜனவரி 14-ல் அவரைச் சுட்டுக் கொன்ற இடம். தட்டினால் மணிபோல ஒலிக்கும் பாறையைப் பிள்ளைகள் கல்லால் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓட்டுநருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கடைசியாக வடக்கன்குளம். நாம் இந்தப் பயணத்துக்கு வந்ததே இதற்காகத்தான்.

தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற இதே ஊரில், அவர் செத்து 120 ஆண்டு கழித்து, 1872-ல், இரண்டு கூடங்கள் வைத்து ஒரு கோயில் கட்டினார்கள். கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி. ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார் முதலிய மற்றவர்கள். நடுவே சுவர். இரண்டு பக்கத்தாரும் பீடத்தைப் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. 1910-ல் குருக்கள் அந்தச் சுவரை இடித்தார்கள். தனி இடம் எங்கள் உரிமை என்று வேளாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த உரிமை கிடையாது என்று தீர்ப்பாயிற்று.

"இடிச்சிட்டாங்கல்லா, பெறகென்ன?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"நம்ம கோயில்ல செவரே இல்லியே. ஆனா சப்பரம் நம்ம தெருவுக்கு வருதா?" என்றார் ஆச்சி.

வருவதில்லை. மேலத்தெரு சுற்றி, பஜார் வரை வந்து திரும்பிவிடும். கல்லறைத் தோட்டத்திலும் இவர்களுக்கு வேறு மூலை. இதை வன்கொடுமை என்று புகார் கொடுக்கவும் வழியில்லை. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு என்று வைத்தது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் வெளியேதான். அந்தப் பெண்ணின் சான்றிதழில் இருப்பது பிற்படுத்தப்பட்டோர். தனித் தொகுதியில் அவள் நிற்க முடியாது. அவளைச் சாதி சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணைக்கு வராது. திட்டுகிறவர்கள் மட்டும் சான்றிதழைப் பார்த்துவிட்டா திட்டுகிறார்கள்?

திரும்பும் வழியில் காவல்கிணறு தாண்டியதும் வேனில் விளக்கைப் போடச் சொன்னார்கள். 'எங்கள் தெருவுக்கும் சப்பரம் வர வேண்டும்' என்று பங்குத்தந்தைக்கு மனு. அந்தப் பெண் மடியில் நோட்டை வைத்து எழுத, ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். ஆச்சி கைநாட்டு. மை இல்லை, உதட்டுச்சாயம் வைத்திருந்த ஒருத்தி கொடுத்து உதவினாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

நோட்டு உபதேசியாரிடம் வந்தது. அவருக்குச் சம்பளம் அதே பங்கிலிருந்துதான் வருகிறது. மகளுக்கு இந்த ஆண்டு கல்யாணம் வைத்திருக்கிறார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. நாங்குநேரி வரை நோட்டை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு, "வண்டி குலுங்குது, ஓரமா நிறுத்துங்க தம்பி" என்றார். வேன் நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இருபத்து மூன்றாவது பெயராக எழுதினார்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மனுவைக் கொடுக்கிறார்கள். கொடியேற்றம் அதற்கு மூன்றாம் நாள்.