பதக்கத்தில் இல்லாத பெயர்கள்

லண்டனில் உள்ள ராயல் மானிடவியல் கழகம் வழங்கும் விருதுகளில் ஒன்று ரிவர்ஸ் நினைவுப் பதக்கம். 1922-ல் காலமான மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸின் நினைவாக மறு ஆண்டே இது ஏற்படுத்தப்பட்டது. ஆய்வுக்குரிய மக்களிடமே போய் இருந்து கள ஆய்வு செய்தவர்களைப் பாராட்டுவதுதான் இதன் தொடக்ககால நோக்கம். மைசூர்க்காரரான மானிடவியலாளர் எம். என். சீனிவாஸ் 1955-ல் இதைப் பெற்றார். ரிவர்ஸுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களில் பலர் நம் நீலகிரியின் பழங்குடியினரான தோடர்கள். ஆனால் இப்படிப்பட்ட விருதுகள் ஆய்வாளரை மட்டுமே பார்க்கின்றன. தம் வாழ்க்கையைத் திறந்து காட்டியவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. இந்தக் குறையைத் திருத்த முடியும், திருத்தவும் வேண்டும்.

1901-02-ல் ரிவர்ஸ் நீலகிரியில் தங்கியது சில மாதங்கள்தான். தோடா மொழி அவருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர்களை வைத்தே கேட்டு எழுதினார். 1906-ல் வந்த ‘தி தோடாஸ்’ எழுநூறு பக்கங்களைத் தாண்டியது. அதன் கடைசியில் 72 வம்சாவளி அட்டவணைகள் இருக்கின்றன. யார் யாருக்கு மகன், யார் எந்த மந்தில் (தோடர் குடியிருப்பில்) பெண் எடுத்தார் என்பதெல்லாம் எந்த ஏட்டிலும் இருந்ததில்லை. தோடர்கள் மனத்தில் வைத்திருந்து சொன்னவை. அதற்கு அவர்கள் கொடுத்த விலையை ரிவர்ஸே நூலில் பதிவு செய்திருக்கிறார். புனித இடங்களைக் காட்டியவர் நோயில் விழுந்தார். ரிவர்ஸுக்காகப் புனிதச் சடங்கு ஒன்றைச் செய்து காட்டியவர் மனைவியை இழந்தார். ரகசியத்தை அந்நியனுக்குச் சொன்னதால் வந்த தெய்வக் கோபம் என்றார்கள் குறிசொல்பவர்கள். நாம் அதை நம்பவேண்டியதில்லை. அவர்கள் நம்பினார்கள், அந்தப் பயத்தோடு வாழ்ந்தார்கள் என்பதே இங்கே முக்கியம். (இதை மறைக்காமல் எழுதிய ரிவர்ஸின் நேர்மையையும் சொல்லத்தான் வேண்டும்.)

தகவல் வேறு, அறிவியல் வேறு என்று சிலர் வாதிடலாம். வம்சாவளியைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து உறவுமுறையைப் படிக்கும் வழியை 1898-ல் டோரஸ் நீரிணைப் பயணத்தின்போது உருவாக்கியவர் ரிவர்ஸ். பதக்கம் அப்படிப்பட்ட மூளைக்குத்தான் என்பார்கள். நியாயமே. ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்தவருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் அந்த 72 அட்டவணைகள் ஏது? இன்னொரு மறுப்பு வலுவானது: பெயரைச் சொன்னால் சொன்னவருக்கே ஆபத்து வரலாம். சீனிவாஸ்கூடத் தாம் ஆராய்ந்த ஊரை ‘ராம்புரா’ என்று புனைபெயரில்தான் எழுதினார். பெயரை மறைப்பது சில இடங்களில் கட்டாயம்தான். மறைக்கவேண்டுமா என்பதைச் சம்பந்தப்பட்டவரிடமே கேட்டு முடிவு செய்யலாமே. நடைமுறைக்கு ஒத்துவராது என்றும் சொல்ல முடியாது. பப்புவா நியூகினியில் கலாம் இனத்தவரான சயெம் மஜ்னெப், மானிடவியலாளர் ரால்ஃப் புல்மருடன் சேர்ந்து தம் நாட்டுப் பறவைகள் பற்றி எழுதிய புத்தகம் 1977-ல் வெளியானது. அட்டையில் இருவர் பெயரும் உண்டு. அதனால் அறிவியலுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

பதக்கத்தைத் துண்டு போட்டு ஊருக்குப் பங்கிடச் சொல்லவில்லை. தேர்வுக் குழுக்கள் பரிசீலனைக்கு வரும் நூலிடம் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும்: யாருடைய அறிவு இது, அவர்கள் விரும்பியபடி அது இங்கே சொல்லப்பட்டிருக்கிறதா? பதில் இல்லாத நூல், எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருந்தாலும், அடுத்த ஆண்டுவரை காத்திருக்கட்டும்.