கல்தளமும் சுண்ணாம்பும்

ஒத்தக்கடையை அடுத்து, யானைமலையின் அடிவாரத்தில் உள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரை கி.பி. 770-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாண்டிய மந்திரி மாறன் காரி தொடங்கிய அப்பணியை அவன் தம்பி மாறன் எயினன் முடித்தான் என்று சாஸனம் கூறுகிறது. மலையைக் குடைந்த இடத்திற்கு மலையே தரை. கட்டி எழுப்பிய மண்டபங்களுக்கும் பழைய வீடுகளுக்குமோ கல் பாவியாக வேண்டும். அக்கல்லின் கீழ் எதை இடுவது என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த விஷயம்.

நம் முன்னோர் தரையைத் திமிசுக் கட்டையால் இறுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி அடித்துக் கெட்டித்து, அதன்மேல் சாந்து விரித்துக் கல்லைப் படிய வைத்தனர். சுட்ட சுண்ணாம்பை நீற்றி, ஊறவிட்டு, மணல் சேர்த்து அரைத்ததே அச்சாந்து. செங்கல் தூள் கூட்டினால் அது ஈரத்திலும் இறுகும். கடுக்காய் ஊறலும் பனைவெல்ல நீரும் சேர்ப்பதுண்டு. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, அது நாளடைவில் தானும் கல்லாகிறது.

இன்றோ திருப்பணி என்றவுடன் சிமெண்ட் மூட்டை வந்து இறங்குகிறது. 1824-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆஸ்ப்டின் என்பவர் உரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டின் வலிமையை நாம் மறுக்கவில்லை. அவ்வலிமையே இங்கு தீங்காகிறது. பழைய கட்டடங்களில் நிலத்தின் ஈரம் மேலேறும். சுண்ணாம்புச் சாந்து அதனை வெளியேற விடும். சிமெண்டோ வழியை அடைக்கும்; ஈரம் சுவரை நாடி, உப்புப் பூத்துக் காரை உதிரும். அன்றியும், சுண்ணாம்பில் பாவிய கல்லைப் பழுதின்றிப் பெயர்த்து மீண்டும் பதிக்கலாம். சிமெண்டில் பதித்த கல் பெரும்பாலும் உடைந்தே வரும். அதில் கல்வெட்டு இருப்பின், நஷ்டம் சரித்திரத்தினுடையதன்றோ?

சுண்ணாம்பு வேலைக்கு நாள் பிடிக்கும், கொத்தர் கிடைப்பது அரிது என்பர். உண்மைதான். வேலையே கொடாமல் கொத்தரைத் தேடினால் எங்ஙனம் கிடைப்பர்? கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காக்கச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 7-ஆம் தேதி 75 கட்டளைகள் பிறப்பித்தது. நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. நம் கடமை எஞ்சி நிற்கிறது. தர்மகர்த்தாக்களும் பழைய வீட்டுக்காரரும் ஒப்பந்தம் எழுதும்போதே, கல்தளம் சுண்ணாம்புச் சாந்திலேயே பாவப்பட வேண்டும் என்றும், முதிய கொத்தர் ஒருவருடன் இளைஞர் இருவரேனும் பழக வேண்டும் என்றும் இரண்டு வரி சேர்ப்பாராக. கல்லும் பிழைக்கும், தொழிலும் பிழைக்கும்.