ஒரு ரெய்டுக்குள் மூன்று பாடங்கள்

நடுக்கோட்டைத் தாண்டிய ரெய்டருக்கு 30 விநாடிதான் இருக்கிறது. எதிரே ஏழு பேர். எவரையும் தொடாமல், 3.75 மீட்டரில் இருக்கும் பாக் லைனையும் தாண்டாமல் திரும்பினால் அவுட். பாடிக்கொண்டே இடப்பக்கம் நகர்கிறார், நிற்கிறார், வலது காலை நீட்டுவதுபோல் காட்டுகிறார். அந்தப் பக்க ஓரத்தில் நிற்கும் தடுப்பாளரான கார்னர் பாய்கிறார். அதற்குள் ரெய்டரின் கை அவர் தோளைத் தொட்டுவிட்டது. கணுக்காலைப் பிடிக்க வந்த இன்னொரு கையை உதறித் தாவி, நடுக்கோட்டை எட்டுகிறார்.

இந்த ஒரு ரெய்டை விளக்கச் சொன்னால், உடற்கல்வி படிக்கும் மாணவருக்கு மூன்று பாடங்கள் தேவைப்படும். எரிபொருள் எங்கிருந்து வந்தது என்பதை உடற்பயிற்சி உடலியங்கியல் சொல்லும். உடல் ஏன் சாயவில்லை என்பது பயோமெக்கானிக்ஸ். அந்த ஏமாற்று ஏன் பலித்தது என்பது திறன் கற்றல். ஆனால் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் விடுதி அறைகளில் இவை மூன்றும் மூன்று நோட்டுகளாகக் கிடக்கின்றன. திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய் இன்னொன்று என்று மனப்பாடம் நடக்கிறது. பி.பி.எட். படிப்பவர்களில் பெரும்பாலோர் விளையாட்டு வீரர்கள். காலையும் மாலையும் மைதானத்தில் நிற்பவர்கள். தங்கள் உடம்பு அன்றாடம் செய்துகாட்டுவதையே இரவில் வேறு எவருடைய உடம்பையோ பற்றிய செய்திபோல அவர்கள் ஒப்பிக்கிறார்கள். அவர்களுக்கு நேரும் இந்த அநியாயம்தான் என்னை எழுதவைக்கிறது.

முதலில் எரிபொருள். தசை சுருங்க ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். தசையில் ஏற்கெனவே இருக்கும் ஏ.டி.பி. முழு வேகத்தில் இரண்டு மூன்று விநாடிக்கே போதும். கிரியேட்டின் பாஸ்பேட் அதை உடனுக்குடன் புதுப்பித்து, ஏறத்தாழ 10 விநாடிவரை தாங்கும். பிறகு ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோஸ் உடையும் வழி. அதன்பின் ஆக்சிஜன் வழி. நோட்ஸில் இது இப்படி வரிசையாக இருப்பதால், ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்குவதாக மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண் அதிகம் பறிபோகும் இடம் இதுதான். மூன்று குழாய்களும் ஓட்டம் தொடங்கும்போதே திறந்துவிடுகின்றன. எதில் எவ்வளவு வருகிறது என்பதுதான் நேரத்துக்கு நேரம் மாறுகிறது.

இதற்கு அருமையான சான்று ஒன்று உண்டு. 2001-இல் ஸ்பென்சர், காஸ்டின் என்ற இரு ஆய்வாளர்கள் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை அளந்து வெளியிட்ட கணக்கு: ஆக்சிஜன் வழியின் பங்கு 200 மீட்டரில் 29 சதவீதம், 400 மீட்டரில் 43, 800 மீட்டரில் 66, 1500 மீட்டரில் 84. 400 மீட்டர் என்றாலே 'ஆக்சிஜன் இல்லாத ஓட்டம்' என்று எழுதிப் பழகியவர்கள் அந்த 43-ஐ ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். அதே ஆய்வில் 400, 800, 1500 மீட்டர் ஓட்டங்களில் 15 முதல் 30 விநாடிக்குள்ளாகவே ஆக்சிஜன் வழி முந்திவிடுகிறது. பழைய புத்தகங்கள் அந்த மாற்றத்தை இரண்டாவது நிமிடத்துக்குத் தள்ளி வைத்திருந்தன.

இதைக் கபடிக்குக் கொண்டுவருவோம். ரெய்டர் 30 விநாடியும் பாய்ந்துகொண்டிருப்பதில்லை. நகர்கிறார், காத்திருக்கிறார், இரண்டு மூன்று விநாடி வெடிக்கிறார். அந்த வெடிப்பு கிரியேட்டின் பாஸ்பேட்டின் வேலை. தீர்ந்த கையிருப்பு மீண்டும் நிரம்ப ஆக்சிஜன் வேண்டும். ஏறத்தாழ அரை நிமிடத்தில் பாதி திரும்பும். முழுதும் நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். கபடியில் ரெய்டு இரு அணிக்கும் மாறி மாறி வருகிறது. எதிரணியின் ரெய்டு அதிகபட்சம் 30 விநாடி. அப்படியானால், அடுத்தடுத்து தானே போகும் ரெய்டர் பாதி நிரம்பிய கையிருப்போடுதான் மறுபடி நடுக்கோட்டைத் தாண்டுகிறார். அதுவும் இடைப்பட்ட நேரத்தில் டேக்கிளில் இறங்காமல் இருந்தால். நல்ல பயிற்சியாளர் முதல் ரெய்டரை ஒரு முறை நிறுத்தி, இரண்டாவது ஆளை அனுப்புவதற்கு உடலியங்கியல் தரும் நியாயம் இது. வெடிப்பை நம்பி ஆடும் ரெய்டரும் ஏன் நெடுந்தூரம் ஓடிப் பழக வேண்டும் என்ற கேள்விக்கும் இதுவே விடை. இந்த ஒரு பத்தியை விடைத்தாளில் தன் சொல்லில் எழுதக்கூடிய மாணவர், அட்டவணையை ஒப்பித்தவரைவிட எவ்வளவோ மேல்.

லாக்டிக் அமிலம் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பயிற்சிக்கு மறுநாள் தொடை வலிப்பதற்கு அதுதான் காரணம் என்று இன்றும் மைதானங்களில் சொல்கிறார்கள், சில கைடுகளிலும் அச்சாகிறது. தவறு. கடுமையான ஓட்டத்துக்குப் பின் ரத்தத்தில் ஏறும் லாக்டேட் (அந்த அமிலம் உடலில் இருக்கும் வடிவம்), ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு அருகில் வந்துவிடுகிறது. வலியோ 24 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சத்தைத் தொடும். அதற்குக் காரணம், தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும்போது இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும். படியேறுவதைவிடப் படியிறங்குவது மறுநாள் அதிகம் வலிப்பது இதனால்தான். லாக்டேட் கழிவுப்பொருளும் அல்ல. இதயமும் பிற தசைகளும் அதை எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன, கல்லீரல் அதை மீண்டும் குளுக்கோஸாக மாற்றுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் புரூக்ஸ் 1980-களிலிருந்து இதைத்தான் சொல்லி வருகிறார். நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்த ஒன்றை இன்றைய மாணவர் தவறாகப் படிக்க நேர்வது வருத்தமான விஷயம்.

பயோமெக்கானிக்ஸ் என்றால் பலருக்கும் பயம். பிளஸ் டூவில் இயற்பியலை விட்டுவந்தவர்கள் சூத்திரத்தைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். ஆனால் அந்த ரெய்டர் முழங்காலை மடக்கி, கால்களை அகட்டி நிற்கிறாரே, அதில் பாதிப் பாடம் வந்துவிட்டது. புவியீர்ப்பு மையம் தாழ்ந்தால், தாங்குதளம் அகன்றால் சமநிலை கூடும். ஆனால் அதிகம் அகட்டி நின்றால் சட்டென்று நகர முடியாது. ரெய்டரின் நிலை உறுதிக்கும் வேகத்துக்கும் இடையே ஒரு பேரம். கார்னர் ஏன் கணுக்காலைக் குறிவைக்கிறார்? முன்னோக்கிப் போகும் உடலின் உந்தம் அப்படியே இருக்க, பாதம் மட்டும் தடுக்கப்படுகிறது. பிடித்த இடத்துக்கும் புவியீர்ப்பு மையத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர். உடல் பாதத்தைச் சுற்றிச் சுழன்று விழுகிறது. இடுப்பைப் பிடித்தால் இந்தச் சுழற்சி கிடைக்காது. அங்கே எடைக்கு எடை நிற்க வேண்டும்.

நெம்புகோல் பாடத்தில் மாணவர்கள் முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று படம் போடுவதோடு நின்றுவிடுகிறார்கள். நம் உடம்பில் மூன்றாம் வகையே ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்பதில்லை. முழங்கை மூட்டிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் தசை பற்றியிருப்பதாகவும், உள்ளங்கை 35 செ.மீ. தூரத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். கையில் 5 கிலோவைத் தாங்க, முன்கையின் எடையை விட்டுவிட்டாலும் தசை 35 கிலோவுக்குச் சமமான விசையைத் தர வேண்டும். ஏழு மடங்கு நஷ்டம். ஆனால் தசை 1 செ.மீ. சுருங்கினால் கை 7 செ.மீ. நகர்கிறது. வீசுவதும் அடிப்பதும் தொடுவதும் இந்த வேகத்தால்தான் நடக்கின்றன.

எறிபொருள் இயக்கத்துக்கு நீளம் தாண்டுதலைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2023-இல் 8.42 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். பாடப்புத்தகமோ அதிகத் தூரத்துக்கு 45 டிகிரி என்கிறது. உலகத்தர வீரர்கள் பலகையை விட்டுக் கிளம்பும் கோணம் 20 டிகிரியை ஒட்டித்தான். ஏன்? விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒருவர் 45 டிகிரியில் கிளம்புவதாகக் கொண்டால், மேல்நோக்கிய வேகம் விநாடிக்கு 7 மீட்டருக்குச் சற்று அதிகம். அவருடைய புவியீர்ப்பு மையம் கிளம்பிய இடத்திலிருந்து இரண்டரை மீட்டர் உயரும். அதாவது தரையிலிருந்து மூன்றரை மீட்டருக்கும் மேல். உயரம் தாண்டுதலின் உலகச் சாதனையே, 1993-இல் சோட்டோமேயர் வைத்தது, 2.45 மீட்டர்தான்! பலகையில் கால் பதிந்திருப்பது விநாடியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நேரம். அதற்குள் அவ்வளவு செங்குத்து வேகத்தை எந்தக் காலாலும் தர முடியாது. ஓடிவந்த வேகத்தைப் பலி கொடுத்தால் கோணம் கூடும், தூரம் குறையும். சூத்திரம் சரிதான், அதோடு மனிதக் காலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மாணவருக்கு இந்த இடத்தில் கண் திறந்துவிட்டால் பயோமெக்கானிக்ஸ் பயம் போய்விடும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

இனி அந்த ஏமாற்று. தேர்வு செய்ய வேண்டிய வழிகள் கூடக்கூட எதிர்வினை நேரம் கூடும் என்று 1952-இல் ஹிக் என்ற உளவியலாளர் காட்டினார். ரெய்டரின் கையா, காலா, இடமா, வலமா என்று தெரியாத கார்னர் அந்த விதிக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறார். இன்னொன்றும் உண்டு. முதல் அசைவுக்குப் பதில் தரத் தொடங்கிவிட்ட மூளை, உடனே வரும் இரண்டாவது அசைவைக் காக்கவைக்கிறது. முதல் வேலை நகர்ந்த பிறகே அதை எடுத்துக்கொள்ளும். நீட்டுவதுபோல் காட்டிய காலுக்குக் கார்னர் கிளம்பிவிட்டார், நிஜமான கைக்கான பதில் வரிசையில் நிற்கிறது. இரண்டு அசைவும் மிக நெருங்கிவிட்டால் மூளை அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். மிக விலகினால் கார்னர் சுதாரித்துக்கொள்வார். இந்த இடைவெளியை எந்தச் சூத்திரமும் இல்லாமல் கண்டுபிடித்த ரெய்டர்கள் நம் ஊர்த் திடல்களில் எத்தனையோ பேர்.

திறன் கற்றல் பாடத்தை நான் இறுதியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மற்ற இரண்டையும் எப்படித் திருப்பிப் படிப்பது என்பதும் அதற்குள்தான் இருக்கிறது. ஷே, மார்கன் என்ற இருவர் 1979-இல் செய்த ஆய்வில் ஒரு குழு ஒவ்வோர் அசைவையும் தனித்தனியாகத் தொடர்ந்து பழகியது. இன்னொரு குழு மூன்று அசைவுகளையும் கலந்து பழகியது. பயிற்சி நேரத்தில் முதல் குழுதான் வேகமாகத் தேறியது. பிறகு சோதித்தபோது கலந்து பழகியவர்களே முந்தினார்கள். 1986-இல் கூட், மாகில் இருவரும் பேட்மின்டனின் மூன்று வகை சர்வீஸ்களை வைத்துச் செய்த ஆய்விலும், பிந்தைய சோதனையில் கலந்து பழகியவர்களுக்கே வெற்றி. வேறு பக்கத்துக் கோர்ட்டிலிருந்து சர்வீஸ் போடச் சொன்னபோதும் அவர்கள்தான்.

பாட்லி, லாங்மன் இருவரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். பிரிட்டிஷ் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த அட்டவணை குறித்து மிகக் குறைந்த திருப்தி தெரிவித்தவர்களும் அவர்களே. நாட்கணக்கில் பார்த்தால் தாங்கள் பின்தங்கிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியது.

விடுதி அறையில் நடப்பதும் இதுதான். ஒரே இரவில் எரிபொருள் வழிகள் முழுவதையும் ஐந்து முறை வாசித்தால் எல்லாம் வந்துவிட்டதுபோல் இருக்கும். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் காட்டியதும் இதே கதை. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். பயிற்சியில் சுலபமாக வருவது வேறு, கற்றது வேறு. இந்த வேறுபாட்டை ஒரு பயிற்சியாளராக மைதானத்தில் நாளைக்குப் பயன்படுத்தப்போகிறவர், தன் சொந்தப் படிப்பில் இன்றைக்குப் பயன்படுத்தாமல் இருக்கலாமா?

ஆகவே நோட்டை மூடிவிட்டு மைதானத்துக்கு வாருங்கள். ஒருவர் ரெய்டு போகட்டும், மற்றவர்கள் பார்க்கட்டும். திரும்பி வந்ததும் மணிக்கட்டில் 15 விநாடி நாடி பார்த்து நான்கால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எவருக்கு வேகமாக இறங்குகிறது, ஏன்? ஓய்வில் பயிற்சி இல்லாதவரின் இதயம் 70 முறை துடித்து, துடிப்புக்கு 70 மில்லி வீதம் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. பயிற்சி பெற்றவரின் இதயம் 50 துடிப்பில், துடிப்புக்கு 100 மில்லி வீதம் அதே 5 லிட்டரை அனுப்பிவிடுகிறது. இதை நண்பரின் நாடியைப் பிடித்துக்கொண்டே படித்தவர் மறக்கமாட்டார். அடுத்த கேள்வி கணுக்கால் பிடியைப் பற்றி, அதற்கடுத்தது ஏமாற்று அசைவைப் பற்றி. மூன்று பாடமும் கலந்து வரட்டும், இரண்டு நாள் விட்டு மறுபடி வரட்டும். தடுமாறி, யோசித்து, பாதி தவறாகச் சொல்லித் திருத்திக்கொள்ளும் அந்த அரை மணி நேரம் சுகமாக இருக்காது. அதுவே வேலை செய்யும் அரை மணி நேரம்.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடமும் ஒரு கோரிக்கை. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. இன்னமும் 'நெம்புகோலின் வகைகளை விளக்குக' என்று கேட்டால் மனப்பாடத்தைத்தான் அறுவடை செய்ய முடியும். ஒரு ரெய்டின் காணொளியைப் போட்டுக் காட்டி, இதில் நடந்ததை விளக்கு என்று கேளுங்கள். செய்முறைத் தேர்வின் வாய்மொழிக் கேள்விகளில் இதை நாளைக்கே தொடங்கலாம். அதற்குப் புதிய பாடத்திட்டமும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம்.