தரகை மறைக்காத யோசனை

கொங்கு நாட்டுக் குடியானவர்களுக்குத் தரகு என்பது புதிய விஷயமன்று. கண்ணபுரத்திலும் அந்தியூரிலும் கூடும் மாட்டுச் சந்தைகளில், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே தரகர் நின்று, துண்டின் மறைவில் விரல்களைப் பிடித்து விலை பேசி முடிப்பது நெடுநாளைய வழக்கம். மாட்டின் பல், சுழி, நடை ஆகியவற்றை அறிந்த தரகரால் பலர் நன்மை அடைந்திருக்கின்றனர். அவர் தம் உழைப்புக்குக் கூலி பெறுவதை யாரும் குறை கூறுவதில்லை. ஆனால் வாங்குபவருக்காகப் பேச வந்தவர், விற்பவரிடமும் இரகசியமாகப் பணம் பெற்றிருப்பாராயின், அம்மாட்டைப்பற்றி அவர் கூறிய சொல்லின் மதிப்பு அடியோடு மாறிவிடுகிறது. குற்றம் தரகில் இல்லை. அதை மறைத்ததிலேயே உள்ளது.

இவ்வுண்மை இன்று மாட்டுச் சந்தையோடு நிற்கவில்லை. மின்கம்பி எட்டாத தோட்டத்துச் சாளைகளில் குடியிருப்போரும், மின் இணைப்புக்குக் காத்திருப்போரும், சூரிய மின்தகடு, பேட்டரி, இன்வெர்ட்டர், நீர் இறைக்கும் பம்ப்பு முதலிய சாமான்களை வாங்கும்பொழுது பிறருடைய யோசனையை நாடுகின்றனர். அந்த யோசனை பெரும்பாலும் கைப்பேசியின் வழியாகவே வந்து சேர்கிறது. யோசனை கூறுபவர் தாமும் தோட்டத்தில் வாழ்பவராகவும், அனுபவசாலியாகவும் இருக்கலாம். அவருடைய வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொண்டே கேட்பவர் முடிவு செய்தல் வேண்டும்.

தரகு சேரும் விதம்

பொருளைச் சிபாரிசு செய்பவருக்கு விற்பனை நிலையம் தனிக் குறி இட்ட இணைப்பு ஒன்றை அளிக்கிறது. படிப்பவர் அந்த இணைப்பைத் தொட்டுக் கடைக்குள் சென்று, குறித்த காலத்திற்குள் பொருளை வாங்கினால், விலையில் ஒரு பங்கு சிபாரிசு செய்தவரின் கணக்கில் சேரும். வாங்குபவர் கொடுக்கும் விலை பெரும்பாலும் இதனால் கூடுவதில்லை. ஆகையால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம்.

நஷ்டம் விலையில் இல்லாவிடினும், யோசனையில் நேரக்கூடும். விலை உயர்ந்த சாமானுக்குத் தரகும் உயர்வு. நூற்றுக்கு 5 வீதம் தரகு என்று வைத்துக்கொண்டால், 20,000 ரூபாய்ச் சாமானுக்கு 1,000 ரூபாயும், 1,00,000 ரூபாய்ச் சாமானுக்கு 5,000 ரூபாயும் கிடைக்கும். இதைவிட முக்கியமானது வேறொன்று உண்டு. பழைய பேட்டரிக்கு வாலையர் நீர் ஊற்றிப் பேணுவது, தகட்டின்மேல் நிழல் விழும் கிளையை வெட்டுவது, பக்கத்து ஊர்க் கடையில் பழுது பார்ப்பது, இப்பொழுது ஒன்றும் வாங்காமல் இருப்பது ஆகிய யோசனைகளுக்குத் தரகு கிடையாது. ஆதலின், தரகு பெறுபவர் ஒரு பொய்யும் சொல்லாமலே, சொல்ல வேண்டிய சிலவற்றைச் சொல்லாமல் விட்டுவிட இடமுண்டு.

ஒரு சாளையின் கணக்கு

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு சாளையில் 9 வாட் விளக்குகள் நான்கு தினம் 5 மணி நேரமும், 30 வாட் மின்விசிறி ஒன்று 10 மணி நேரமும் உபயோகிக்கப்படுவதாகக் கொள்வோம். விளக்குகளுக்கு 180 வாட்-மணியும், விசிறிக்கு 300 வாட்-மணியும், கைப்பேசி முதலியவற்றுக்கு 40 வாட்-மணியும் ஆக 520 வாட்-மணி தேவை. கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஆண்டுச் சராசரியாகத் தினம் ஏறத்தாழ 5 மணி நேரத்திற்குச் சமமான முழு வெயில் கிடைக்கிறது. சேதாரத்திற்காக நூற்றுக்கு 30 கழித்தால், சுமார் 150 வாட் தகடு போதுமானது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து மேகமூட்டத்தை உத்தேசித்து 250 வாட் வைத்துக்கொள்ளலாம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி அளவுள்ள ஈய பேட்டரி 1,800 வாட்-மணி கொள்ளும். அதன் ஆயுளைக் காக்கப் பாதியை மட்டும் செலவிட்டாலும் 900 வாட்-மணி உண்டு. அது இச்சாளைக்கு ஒன்றரை நாளுக்கு மேல் வரும்.

இச்சாளைக்காரரிடம் 1,000 வாட் தகடும் நான்கு பேட்டரிகளும் இன்றியமையாதவை என்று ஒருவர் கூறுவாராயின், அக்கூற்றுக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். பிற்காலத்தில் குளிர்பெட்டியோ பம்ப்போ சேர்க்கும் உத்தேசம் இருந்தால் அது நியாயமே. காரணம் ஒன்றும் காட்டாது, தரகையும் மறைத்தால், அந்த யோசனையை நம்பிச் செலவிடும் பணம் ஒரு பட்டத்து விதைக்கும் உரத்திற்கும் உரிய பணமாக இருக்கக்கூடும்.

சட்டத்தின் போக்கு

மறைவான தரகைக் கட்டுப்படுத்தும் முயற்சி இந்நாட்டில் பழமையானது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 216-ஆவது பிரிவு, தம்மை நியமித்தவருக்குத் தெரியாமல் ஒரு பிரதிநிதி அவ்வலுவலில் சொந்தக் கணக்கில் நடந்துகொண்டால், அதனால் விளைந்த நன்மையை நியமித்தவர் கோரலாம் என்று விதிக்கிறது. 1928-இல் அறிக்கை அளித்த ராயல் விவசாயக் கமிஷன் ஒழுங்குமுறைச் சந்தைகளை ஆதரித்தது. சென்னை மாகாணத்தில் 1933-இல் வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டு, 1936-இல் திருப்பூரில் பருத்திக்கு ஒழுங்குமுறைச் சந்தை ஏற்பட்டது. எடையும் விலையும் பிடித்தமும் குடியானவர் கண்முன் நிகழ வேண்டும் என்பதே இத்தகைய சந்தைகளின் நோக்கம்.

பொதுமக்களுக்கு யோசனை கூறுபவர் ஒருவர்க்கும் பிரதிநிதி அல்லராதலின், பழைய சட்டங்கள் அவரை எளிதில் எட்டவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இக்குறையை ஓரளவு போக்கியது. பொய்யான அல்லது தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரத்தில் ஒரு பொருளைச் சிபாரிசு செய்பவருக்கும் அச்சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் தண்டம் விதிக்கலாம். 2022 ஜூன் மாதத்து வழிகாட்டு விதிகள், சிபாரிசு செய்பவருக்கும் வியாபாரிக்கும் உள்ள பொருட்சம்பந்தத்தை முழுதும் வெளியிடுமாறு கட்டளையிட்டன. 2023 ஜனவரியில் வெளியான குறிப்புகள், அவ்வறிவிப்பு எளிய சொற்களில், கண்ணுக்குத் தவறாத இடத்தில், சிபாரிசு எந்தப் பாஷையில் உள்ளதோ அதே பாஷையில் இருக்க வேண்டும் என்று விளக்கின. அமெரிக்காவிலும் 1980-இல் இயற்றப்பட்ட இத்தகைய விதிகள் 2009-இலும் 2023-இலும் திருத்தப்பட்டுள்ளன.

நேர்மையான அறிவிப்பு

“ஆதரவுக்கு நன்றி” என்று கட்டுரையின் முடிவில் எழுதுவது அறிவிப்பாகாது. தமிழில் யோசனையைக் கூறிவிட்டு, தரகை மட்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடக்குவதும் முறையன்று. இணைப்புக்கு முன்னதாக, பின்வருமாறு கூறினால் போதும்:

“இந்த இணைப்பின் வழியாக நீங்கள் வாங்கினால், விலையில் நூற்றுக்கு 5 எனக்குத் தரகாகக் கிடைக்கும். உங்களுக்கு விலை கூடாது. இந்தப் பேட்டரியை என் பணத்தில் வாங்கி 14 மாதம் உபயோகித்தேன். மற்றக் கம்பெனிகளின் பேட்டரிகளை நான் சோதித்ததில்லை.”

இந்நான்கு வாக்கியங்களில் பணம் வரும் வழி, அதன் அளவு, அனுபவத்தின் காலம், அறிவின் எல்லை ஆகிய நான்கும் அடங்கிவிட்டன. சாமான் இலவசமாக வந்திருந்தால் அதையும் கூறுதல் அவசியம். இவ்வாறு வெளிப்படையாகக் கூறுபவர் சில விற்பனைகளை இழக்கக்கூடும். ஆயினும் அவர் ஒரு பொருளை வேண்டாம் என்று சொல்லும்பொழுதும் அச்சொல் நம்பப்படும். யோசனை கூறுவோருக்கு அதைக் காட்டிலும் பெரிய முதல் இல்லை.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

அறிவிப்பு இருப்பதனாலேயே பொருள் நல்லதென்று கொள்ளலாகாது. தரகு உண்டு என்பதனாலேயே கெட்டதென்று தள்ளவும் கூடாது. முதலில் தம் தேவையை மேற்கூறியபடி வாட்-மணியில் கணக்கிடுக. பம்ப்பாயின் கிணற்று நீர்மட்டத்தின் ஆழம், தண்ணீர் ஏற வேண்டிய மொத்த உயரம், தினம் தேவைப்படும் நீர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. பின்னர் அக்குறிப்புடன், தரகு பெறாத ஓரிடத்திலேனும் கேட்டல் நலம். சூரிய பம்ப்புகளுக்குரிய மானியத்தைப்பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும், பாசனத் தேவையைப்பற்றி வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நிலையங்களிலும் விசாரிக்கலாம்.

எவரிடம் யோசனை கேட்டாலும், “இதை நான் வாங்கினால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?” என்று கூச்சமின்றிக் கேட்கலாம். நேர்மையானவர் அக்கேள்விக்குக் கோபங்கொள்ளமாட்டார். தொகையைச் சொல்லிவிட்டு, கணக்கையும் காட்டுவார்.